நாலு பேர் ஒட்டியிருந்த தழும்பு

போன வாரக் கடைசியில கிளான்வில்லியம் பக்கம் போயிட்டு வந்தோம். கேப் டவுன்ல இருந்து என்7 ரோட்ட புடிச்சு வடக்க போனா ரெண்டரை மணி நேரம், நடுவுல சிட்ரஸ்டால்ல ஆரஞ்சு வாங்க ஒரு ஸ்டாப், அவ்ளோதான். இந்தப் பக்கம் வர்றவங்க பாதிப் பேர் ஆகஸ்ட் செப்டம்பர்ல பூ பாக்க வருவாங்க, மீதிப் பேர் ரூய்போஸ் டீ வாங்கவோ பாறை ஓவியம் பாக்கவோ வருவாங்க. நான் போனது மலையில இருக்குற ஒரு பச்சைக் கோட்ட பாக்க.

சீடர்பெர்க் மலைய தூரத்துல இருந்து பாத்தா மொத்தமும் மணற்கல்லு, சாம்பலும் காவியும் கலந்த செங்குத்துப் பாறை, கீழ ஒரு அடுக்கு மேல ஒரு அடுக்கு. ரெண்டுக்கும் நடுவுல மட்டும் ஒரு பட்டை சரிவா, மொழுமொழுன்னு, புதர் அடர்த்தியா மலையோட நீளத்துக்கும் ஓடும். ரெண்டு மைசூர்பாகுக்கு நடுவுல யாரோ புதினா தொவையல் தடவி வெச்ச மாதிரி. அது ஷேல், அதாவது கடலடிச் சேறு இறுகி தகடு தகடா ஆன கல்லு. மணற்கல்ல விட சீக்கிரம் உதிர்ந்து நல்ல மண்ணா ஆயிடும், தண்ணியும் பிடிச்சு வெச்சுக்கும், அதான் அந்தப் பச்சை. இந்தப் பட்டைக்கு சீடர்பெர்க் ஃபார்மேஷன்னு பேரு, அதோட அடிப்பக்கம் பத்து மீட்டர் சொச்சத்துக்கு ரொம்ப மென்மையான இருட்டு கலர் ஷேல் இருக்கும், அதுக்கு சூம் ஷேல்னு தனிப் பேரு. வயசு சுமார் 44.5 கோடி வருஷம்.

"இந்தக் கோட்ட பாக்கவா இவ்ளோ பெட்ரோல்" அப்படின்னு வீட்டுக்காரர் கேட்டார். கேக்கத்தான் செய்வார். காரை ஓரங்கட்டி நான் பாட்டுக்கு மலையப் பாத்து நின்னா பாக்குறவங்களுக்கு என்ன தெரியும். அந்தக் கல்லுக்குள்ள, தரையில ஆரம்ப காலத்துல வாழ்ந்த செடிங்களோட தூசி இருக்கு. செடி கிடையாது, தூசி மட்டும்.

நான் ஊர்ல பாட்டனி படிச்சவ, பாளையங்கோட்டையில. ரெக்கார்ட் நோட்டுல ரைனியா படம் வரைஞ்சு வரைஞ்சு கை ஒடிஞ்ச கூட்டம் நாங்க, ஹெச்பி பென்சில்ல புள்ளி வெச்சு வெச்சு ஷேட் பண்ணணும், ஒரு கோடு தடிச்சுட்டா மேடம் திருப்பி விட்டுருவாங்க. ஸ்காட்லாந்துல ரைனின்ற கிராமத்துல வெந்நீர் ஊத்து பக்கம் வளர்ந்த செடிங்க அப்படியே சிலிக்காவுல ஊறி கல்லாப் போச்சு, 1912ல வில்லியம் மேக்கின்ற டாக்டர் கண்டுபிடிச்சார், சுமார் 40.7 கோடி வருஷம், தண்டுக்குள்ள இருக்குற ஒவ்வொரு செல்லும் தெரியும். அதெல்லாம் மனப்பாடம். அதுக்கு முன்னாடி குக்சோனியான்னு ஒண்ணு, வில்லியம் ஹென்றி லாங் 1937ல பேர் வெச்சது, இசபெல் குக்சன்ற ஆஸ்திரேலிய அம்மா நினைவா. விரல் அளவுகூட இல்லாத தண்டு, ரெண்டு ரெண்டா பிரிஞ்சு, நுனியில குண்டூசித் தலை மாதிரி ஸ்போர் பை, ஸ்போர்னா விதைக்குப் பதிலா செடி பரவ விடுற தூசி சைஸ் செல்லு. இலையும் கிடையாது, பூவும் கிடையாது. சிலுரியன் காலம், சுமார் 43 கோடி வருஷம். அவ்ளோதான், சாப்டர் முடிஞ்சது, பரீட்சைக்கு அஞ்சு மார்க். அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல.

கல்யாணம் ஆகி இங்க வந்து, இப்போ ஒரு தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. டேம் தண்ணிய மைக்ராஸ்கோப்ல வெச்சு பாசி எண்ணுறது என் பொழப்பு. அந்தப் பழக்கத்துல பல்கலைக்கழகத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் அறிமுகமானார், ஜியாலஜிக்காரர், அவர்கிட்ட பழைய டீச்சிங் ஸ்லைட் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்துச்சு. ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, வேல்ஸ் பக்கத்து சிலுரியன் பாறையில எடுத்த ஸ்லைட் ஒண்ணு காட்டினார்.

நாப்பது லென்ஸ்ல வெச்சு ஃபோகஸ் பண்ணேன். முதல்ல வெறும் குப்பை, பழுப்பு கலர்ல கிழிஞ்ச பேப்பர் மாதிரி துணுக்கு துணுக்கா. கொஞ்சம் ஸ்டேஜ நகத்தினா ஒரு உருண்டை, அதுல ரெண்டு காது, மிக்கி மவுஸ் மாதிரி, பளிச்சுன்னு, நசுங்காம. "கெடச்சிருச்சு சார்!" அப்படின்னு கத்திட்டேன். அவர் எட்டிப் பாத்துட்டு சிரிச்சார் பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவு சிரிச்சார். அது பைன் மரத்து மகரந்தம். அவர் வீட்டு வாசல்லயே பைன் மரம் நிக்குது. ஸ்லைட் செஞ்ச அன்னைக்கோ எப்பவோ காத்துல பறந்து வந்து உக்காந்திருக்கு. சிலுரியன்ல பைன் மரமா, பாட்டனி படிச்ச பொண்ணு கத்தி ஊரக் கூட்டுது. பாசி எண்ணி எண்ணியே என் மூளை பாசி புடிச்சிருச்சு போல.

அப்புறம் அவரே நகத்தி நகத்தி ஒண்ணு காட்டினார். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த கலர், நசுங்கி தட்டையா, நாலு உருண்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரு சின்னக் கொத்து. மொத்தக் கொத்தே தலைமுடி தடிமன விட சின்னது. நாலும் பிரியல. இத்தனை கோடி வருஷமா பிரியாம அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. இதுக்கு டெட்ராட்னு பேரு. இதப் பத்தித்தான் சொல்ல வந்தேன், நடுவுல என் மானம் போன கதை வந்துருச்சு.

ஸ்போர் ஏன் மிஞ்சுதுன்னா அதோட தோலு. ஸ்போரோபொலெனின்னு ஒரு பொருள், உயிர்கள் செய்யுற பொருள்லயே ரொம்ப கெட்டியானதுல ஒண்ணு. காத்து, வெயில், ஆசிட், எதுக்கும் லேசுல அசையாது. செடி தண்ணிய விட்டு தரைக்கு வரணும்னா அடுத்த தலைமுறை காஞ்சு போகாம காத்துல பறக்கணும், அதுக்குத்தான் இந்தக் கோட்டு. அப்போ இருந்த செடிக்கு மரக்கட்டை கிடையாது, வேர் கிடையாது, இன்னைக்கு சுவத்துப் பாசின்னு நாம சொல்ற மாஸ் மாதிரி மெத்து மெத்துன்னு ஒண்ணு, செத்தா ஒரு மாசத்துல மண்ணோட மண்ணு. அதோட தரைங்கிறது தேயுற இடம், சேர்ற இடம் கடல். அதனால உடம்பு மிஞ்ச வழியே இல்ல. ஆனா ஸ்போரு லட்சக்கணக்குல கொட்டும், காத்துலயும் ஆத்துலயும் போய் கடல் சேத்துல விழும், சேறு கல்லாகும், முடிஞ்சது. கடல் பாறையில தரைச் செடிய தேடுறாங்களேன்னு ஆச்சரியப்படாதீங்க, அங்கதான் கிடைக்கும்.

அத கல்லுல இருந்து வெளிய எடுக்குறது தனிக் கூத்து. பத்து இருபது கிராம் கல்ல கழுவி பொடிக்கணும், முதல்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சுண்ணாம்பு போயிடும். அடுத்து ஹைட்ரோஃப்ளோரிக், இது சிலிக்காவயே கரைக்கும், அதாவது கல்லே கரைஞ்சிரும், கண்ணாடியும் கரைஞ்சிரும், அதனால எல்லாமே பிளாஸ்டிக் பாத்திரம். எங்க லேப்ல இந்தப் பாட்டில யாரும் பக்கத்துலகூட விட மாட்டாங்க. மத்த ஆசிட் பட்டா சுள்ளுன்னு எரியும், கைய எடுத்துருவோம். இது நீர்த்துப் போன ஆசிட்டா இருந்தா பட்டதே தெரியாது, மணிக்கணக்கு கழிச்சு உள்ள எலும்பு வரைக்கும் போய் கால்சியத்த புடிச்சுக்கும், உசுருக்கே ஆபத்து. இத கையாளுற இடத்துல கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எப்பவும் பக்கத்துலயே இருக்கணும்னு சட்டம் மாதிரி. கல்லு கரைஞ்சு முடிஞ்சா மிஞ்சுறத நுண்ணிய சல்லடையில சலிச்சு, கனமான திரவத்துல மிதக்க விட்டு, மேல வர்றத எடுத்து ஸ்லைடுல ஒட்டுவாங்க. யோசிச்சுப் பாருங்க, மலையையே கரைக்கிற ஆசிட்ல போட்டும் அந்த தூசி சும்மா உக்காந்திருக்கு.

இப்போ அந்த நாலு. மியாசிஸ்னு ஒரு செல் பிரிவு இருக்குல்ல, ஒரு செல் ரெண்டு தடவ பிரிஞ்சு நாலு ஆகும். லட்டு புடிச்சு சூடா இருக்கும்போதே கீழ மூணு, மேல ஒண்ணு வெச்சு லேசா அமுக்குங்க. ஆறின பிறகு பிரிச்சா ஒவ்வொரு லட்டுலயும் மத்த மூணும் அமுங்கின மூணு தட்டைப் பக்கம் இருக்கும், அந்த மூணும் சேர்ற இடத்துல மூணு கோடு ஒரு புள்ளியில கூடும், மெர்சிடிஸ் கார் சின்னம் மாதிரி. ஸ்போர்லயும் அதே கதைதான். பிரிஞ்சு தனியா போன ஸ்போர்ல இந்த மூணு கோட்டுத் தழும்பு இருந்தா, அது ஒரு காலத்துல மூணு உடன்பிறப்போட ஒட்டி இருந்துச்சுன்னு அர்த்தம். இதுக்கு ட்ரைலீட் மார்க்னு பேரு. வெறும் உருண்டைன்னா அது பாசி முட்டையா, என்ன எழவோ, சொல்ல முடியாது. நாலா ஒட்டியிருக்கணும், இல்ல ஒட்டியிருந்த தழும்பு இருக்கணும், கூடவே அந்தக் கெட்டித் தோலும் வேணும், அப்போதான் தரைச் செடின்னு பேச்சே எடுக்கலாம். பாசியில அந்தக் கெட்டித் தோலு கருவுற்ற முட்டைக்குத்தான் இருக்கும், மியாசிஸ் முடிஞ்சு வர்ற குட்டிக்கு இருக்காது. தோல முட்டையில இருந்து குட்டிக்கு மாத்தினதுதான் தரைச் செடி செஞ்ச வேலை.

இத முதல்ல அடிச்சுப் பேசின ஆளுங்கள்ல ஜேன் கிரேன்ற அமெரிக்க அம்மா முக்கியம். 1971லயே நியூயார்க் பக்கத்து சிலுரியன் ஆரம்பப் பாறையில டெட்ராட் எடுத்து, இது தரைச் செடின்னு எழுதினாங்க, கூட ஆர்தர் பூக்கோன்ற ஜியாலஜிஸ்ட். உடம்பே கிடைக்கல, தூசிய வெச்சு செடின்னு சொல்றீங்களேன்னு கேட்டவங்க நிறைய. இவங்க விடல. அந்த அம்மா 1986ல எழுதின ஒரு கட்டுரை எதப் பத்தின்னு நினைக்கிறீங்க, இதோ இந்த சீடர்பெர்க் பட்டையப் பத்தித்தான், இங்கத்து ஜியாலஜிஸ்ட் ஒருத்தரும் சேர்ந்து. அந்தக் கட்டுரைய படிச்ச அன்னைக்கு முடிவு பண்ணதுதான் இந்த ட்ரிப்பு.

அதே வருஷம் அதே பாறையில இன்னொரு கதை நடந்துச்சு, இத சொல்லாம இருக்க முடியல. சூம் ஷேல்ல கண்ணுக்கே தெரியுற சைஸ்ல, சீப்பு மாதிரி, ஒரு காம்புல வரிசையா பல்லு பல்லா இலை வெச்ச மாதிரி ஃபாஸில் கிடைச்சுது. இதுதான் உலகத்துலயே பழைய குழாய்ச் செடி, அதாவது தண்ணி ஏத்த உள்ள குழாய் வெச்ச செடின்னு ப்ரொமிஸ்ஸம் புல்க்ரம்னு பேர் வெச்சாங்க, லத்தீன்ல அழகான வாக்குறுதின்னு வெச்சுக்கலாம். பாக்க அச்சு அசல் செடிக் கிளை. நாலு வருஷம் கழிச்சு, 1990ல, அது செடியே இல்ல, கொனோடான்ட்னு விலாங்கு மாதிரி ஒரு கடல் பிராணியோட வாய்ப் பல்லுன்னு எழுதிட்டாங்க. 1995ல அதே பிராணி சதையோட கிடைச்சு, தசை நார் வரைக்கும் தெரிஞ்சுது. வாக்குறுதி பல்லைக் காட்டிருச்சு! கண்ணுக்கு செடி மாதிரி தெரிஞ்சது கடல் பிராணிப் பல்லு, கண்ணுக்கே தெரியாத தூசிதான் நெஜச் செடி. ரெண்டும் ஒரே பட்டையில. பேர் வெச்சவங்கள நான் கிண்டல் பண்ண மாட்டேன், பைன் மகரந்தம் பாத்து கத்தினவ நான்.

தப்பு நடக்குறது சின்ன ஆளுங்களுக்கு மட்டும் இல்ல. நம்ம பீர்பல் சாஹ்னி, லக்னோவுல அவர் பேர்லதான் இன்ஸ்டிட்யூட் இருக்கு, எவ்ளோ பெரிய ஆளு. 1940கள்ல பஞ்சாப் உப்பு மலைப் பாறையில செடித் துணுக்கும் பூச்சித் துணுக்கும் எடுத்து, இந்த உப்பு கேம்ப்ரியன் இல்ல, ஈயோசீன் காலத்ததுதான்னு வாதாடினார். அதாவது ஐம்பது கோடி வருஷத்துக்கும் மேல பழசுன்னு மத்தவங்க சொன்னத சுமார் அஞ்சு கோடின்னு சொன்னார். இன்னைக்கு அந்த உப்பு பழசுதான்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, செடித் துணுக்குதான் பின்னாடி வந்து நுழைஞ்சது. தூசிய வெச்சு வயசு சொல்றதுல இதான் பெரிய பயம், தூசி எங்கயும் நுழையும். அதனாலதான் இப்போ கலரையும் பாப்பாங்க. ஸ்போர் பூமிக்குள்ள சூடாக சூடாக மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கருப்புன்னு மாறும், வெல்லப் பாகு காச்சுற மாதிரி. பக்கத்து பாறை கருப்பா வெந்திருக்க ஒரு ஸ்போர் மட்டும் வெளிர் மஞ்சளா இருந்தா அது வெளியாள். எண்ணெய் கம்பெனிக்காரங்க இதே கலர வெச்சுத்தான் எண்ணெய் வெந்துச்சா, தீஞ்சுச்சான்னு பாக்குறாங்க, நிறைய ஸ்போர் ஆராய்ச்சிக்கு அவங்க துளை போட்ட கல்லுதான் ஆதாரம்.

வயசு எப்படி சொல்றாங்கன்னு பையன் கேட்டான், கார்ல திரும்பி வரும்போது. ஸ்போர்ல தேதி எழுதியிருக்காது. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கும்பல் ஸ்போர் உண்டு, மொழுக்குன்னு இருந்தது, அப்புறம் மேல சுருக்கம் விழுந்தது, முள்ளு வெச்சது, அப்படி மாறிக்கிட்டே வரும், எந்த கும்பலுக்குப் பிறகு எதுன்னு வரிசை கட்டி வெச்சிருக்காங்க. அந்த வரிசைய கடல் ஃபாஸிலோட பொருத்துவாங்க, கிராப்டோலைட், கொனோடான்ட் இதெல்லாம் சீக்கிரம் சீக்கிரம் மாறுற சாமானுங்க, ஸ்போர் கடலுக்கு அடிச்சுட்டுப் போனதால ரெண்டும் ஒரே கல்லுல மாட்டும். நடுவுல எங்கயாவது எரிமலைச் சாம்பல் அடுக்கு இருந்தா அதுல ஜிர்கான்னு ஒரு குட்டிப் படிகம், அதுல யுரேனியம் எவ்ளோ ஈயமா மாறியிருக்குன்னு அளந்து நம்பர் வாங்கலாம். அப்போ வருஷக் கணக்க குடுக்குறது சாம்பல், வரிசைய குடுக்குறது கடல் பூச்சி, அந்த வரிசைய தரைக்கு தூக்கிட்டு வர்றது ஸ்போர். எந்தக் கடல் ஃபாஸிலும் இல்லாத ஆத்துப் பாறைய வேற எப்படி தேதி போடுவீங்க? ரைனி பாறைக்கே முதல்ல, சிலுரியனுக்கு அடுத்த டெவோனியன் காலத்துல எந்தப் பகுதின்னு நெருக்கிப் பிடிச்சுக் குடுத்தது சுத்தியிருந்த ஸ்போருங்கதான். இதெல்லாம் சொல்லி முடிச்சு திரும்பிப் பாத்தா பையன் தூங்கிட்டான்.

சரி, எவ்ளோ தூரம் பின்னாடி போகுதுன்னா, குக்சோனியா 43 கோடி. ஓமன்ல எடுத்த ஸ்போர், சுமார் 45 கோடி, 2003ல வெளியான வேலை, அதுல வெறும் ஸ்போர் மட்டும் இல்லாம ஸ்போர் பையோட கிழிஞ்ச துணுக்கும் இருந்துச்சு, உள்ள ஸ்போர் கூட்டமா. உடம்பு எங்கன்னு கேட்டவங்களுக்கு ஒரு துண்டாவது காட்டியாச்சு. சவுதியில அதே காலத்துல, அதாவது சிலுரியனுக்கு முந்தின ஆர்டோவிசியன் கடைசிப் பகுதியில மூணு கோட்டுத் தழும்போட தனி ஸ்போர் 2009ல வெளிய வந்துச்சு. அர்ஜென்டினாவுல 2010ல இன்னும் பழசு, சுமார் 47 கோடி. 2021ல ஆஸ்திரேலியாவுல, பல பத்து வருஷத்துக்கு முன்னாடி துளை போட்டு ஷெல்ஃப்ல கிடந்த கல்லுல, சுமார் 48 கோடி, ஆனா அதுங்க ஒழுங்கா நாலா இல்ல, ரெண்டும் மூணும் கொசகொசன்னு பொட்டலம் பொட்டலமா இருக்கு. பாசியும் இல்ல, செடியும் இல்ல, நடுவுல நிக்குற ஆளுங்கன்னு அத எழுதினவங்க சொல்றாங்க. எனக்கு அந்தப் படம்தான் ரொம்பப் புடிச்சுது, மத்ததெல்லாம் நேர்த்தியா இருக்கு, இது மட்டும் கத்துக்குட்டி கோலம் மாதிரி, புள்ளி வெச்சிருக்கு, கோடு சேரல.

ஆக தூசிக்கும் உடம்புக்கும் நடுவுல நாலு அஞ்சு கோடி வருஷ இடைவெளி. டைனோசர் செத்து இன்னைக்கு வரைக்கும் ஆறரைக் கோடிதான். அவ்ளோ காலம் செடி தரையில இருந்திருக்கு, போட்டோ ஒண்ணுகூட இல்ல. டயான் எட்வர்ட்ஸ்னு வேல்ஸ்ல ஒரு பேராசிரியை, காட்டுத் தீயில கரியாப் போன மில்லிமீட்டர் சைஸ் செடித் துணுக்க வேல்ஸ் எல்லையில சலிச்சு எடுத்து, அதுக்குள்ள இந்தப் பிரியாத டெட்ராட் அப்படியே பையில இருக்குறத காட்டினாங்க. ஆனா அது டெவோனியன் ஆரம்பம், குக்சோனியாவுக்கும் பிந்தினது, பழைய வம்சத்துல கடைசியா மிச்சம் இருந்தவங்க. இன்னைக்கும் ஸ்ஃபேரோகார்பஸ்னு ஒரு லிவர்வொர்ட்ல, அதாவது மண்ணோட ஒட்டிப் படர்ற குட்டிச் செடியில, சில வகை நாலு ஸ்போரையும் பிரிக்காம ஒண்ணாவே வெளிய விடுது. தழும்பு இருந்தா உடனே குழாய்ச் செடின்னும் சொல்லிர முடியாது, குழாய் இல்லாத சில குட்டிச் செடிங்க, அதாவது மாஸ், ஹார்ன்வொர்ட், இதுங்களுக்கும் அந்த மார்க் வரும். யாரோட தழும்புன்னு சொல்றதுலதான் இன்னும் அடிதடி.

டிஎன்ஏ கணக்குக்காரங்க வேற இன்னும் பின்னாடி இழுக்குறாங்க, கேம்ப்ரியன் நடுப்பகுதி வரைக்கும்கூட போகலாம்னு 2018ல ஒரு கணக்கு. ஸ்போர் அத இன்னும் ஒத்துக்கல. எனக்கு ஆசிட்ல போட்டும் கரையாத சாட்சி மேலதான் நம்பிக்கை, ஆனா அந்தக் காலத்துல தரையில சேர்ந்த பாறையே உலகத்துல கம்மின்றதும் உண்மை, இல்லாத கல்லுல எங்க போய் தேடுறது.

இந்த வருஷக் கணக்கு வெறும் பெருமைக்கு இல்ல. சூம் ஷேலுக்கு நேர் கீழ பாக்ஹாயிஸ்னு ஒரு அடுக்கு, கிளான்வில்லியம்ல இருந்து பாக்ஹாயிஸ் கணவாய் ஏறுற வழிக்கு அதே பேருதான், அது பனிப்பாறை இழுத்துட்டு வந்து கொட்டின குப்பை. அதே சமாச்சாரம் டேபிள் மவுண்டன் உச்சியில மெக்லியர் பீக்கன் பக்கத்துலயும் இருக்கு, கேபிள் கார்ல ஏறி செல்ஃபி எடுக்குறவங்க யாரும் அவ்ளோ தூரம் நடந்து போய் பாக்குறதில்ல. ஆர்டோவிசியன் கடைசியில கோண்ட்வானான்ற பழைய தெக்குப் பெருங்கண்டம் மேல பெரிய பனி, இன்னைக்கு கொதிக்கிற சஹாராதான் அன்னைக்கு தென்துருவம். அந்தப் பனி ஏன் வந்துச்சுன்னா, தரைக்கு வந்த குட்டிச் செடிங்க பாறைய அரிச்சு, அதுல கார்பன் டையாக்சைடு இழுக்கப்பட்டு பூமி குளிர்ந்துச்சுன்னு 2012ல ஒரு குழு சொன்னாங்க, மாஸ கல்லு மேல வளத்து எவ்ளோ அரிக்குதுன்னு அளந்தே பாத்தாங்க. இது சரியா இருக்கணும்னா செடி பனிக்கு முன்னாடி வந்திருக்கணும். அர்ஜென்டினா 47 கோடி, பனி 44.5 கோடி, நேரம் ஒத்துப் போகுது. நேரம் ஒத்துப் போறதாலயே செஞ்சது அதுதான்னு ஆயிடாது, அது வேற.

பையன் ரோட்டோரம் உதிர்ந்து கிடந்த ஒரு ஷேல் தகட எடுத்து பாக்கெட்ல போட்டான். இந்த ஊர்ல பெர்மிட் இல்லாம ஃபாஸில் எடுக்குறது சட்டப்படி குத்தம், அதுல ஃபாஸில் இருக்கோ இல்லையோ, வெச்சிருடான்னு சொன்னேன். மூஞ்சிய தூக்கிக்கிட்டு வெச்சான், சிட்ரஸ்டால் வர்ற வரைக்கும் பேசல.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஆரஞ்சு குடுக்கப் போனேன். ஆன்ட்டி டர்பன்ல பொறந்து வளர்ந்தவங்க, நாலாவது தலைமுறை. தமிழ்ல "வாம்மா", "சாப்டியா", "ஐயோ கடவுளே", சாமான் பேரு, மாரியம்மன் கூழ் சமாச்சாரம், இவ்ளோதான் வரும், மீதியெல்லாம் இங்கிலீஷ். மேசை மேல ஒரு பிரின்ட் அவுட் கிடந்துச்சு, அவங்க மகன் எங்கயோ தேடி எடுத்த கப்பல் லிஸ்ட். 1860 நவம்பர் 16ல ட்ரூரோன்ற கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பன்ல வந்து நின்னதுல ஆரம்பிச்சு 1911 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்துல ஒன்றரை லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, ஊரு. அதெல்லாம் இங்கிலீஷ்காரன் காதுல விழுந்த மாதிரி எழுதினது, ஊர் பேரு என்னன்னு என்கிட்ட வாசிக்கச் சொன்னாங்க. வட ஆற்காடு மட்டும் தெளிவா இருக்கு, கிராமத்துப் பேர நானும் நாலு விதமா சொல்லிப் பாத்தேன், எதுவும் ஊரு மாதிரி இல்ல.

கடைசிக் கட்டத்துல அங்க அடையாளம். இடது முழங்கையில தழும்பு.

ஆன்ட்டி அந்த வரியத்தான் விரல வெச்சுத் தடவிக்கிட்டே இருந்தாங்க. தாத்தாவோட அப்பா. போட்டோ கிடையாது, சமாதி எங்கன்னு தெரியாது, என்ன பேசுவாரு, எப்படி இருப்பாரு, ஒண்ணும் தெரியாது. எங்க ஆயா ஒண்ணுமே சொல்லலையேன்னு சொன்னாங்க. நான் டெட்ராட் கதைய ஆரம்பிச்சேன், நாலு லட்டு, மூணு கோடு, ஆசிட்ல கரையாத தோலு. பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு, "அந்தக் கப்பல்ல கூட வந்தவங்க லிஸ்ட்டும் இதுல இருக்கு, பாரு" அப்படின்னு அடுத்த பக்கத்த திருப்பினாங்க. அடுத்தடுத்த நம்பர்ல மூணு பேரு, அதே ஜில்லா, அதே வாசிக்க முடியாத ஊரு. ஒண்ணா கிளம்பி வந்திருக்காங்க போல. ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

கிளம்பும்போது வாசல்ல ரோஜாத் தொட்டியப் பாத்தேன். இந்த வருஷ மழைக்கு மண்ணு மேல முழுக்க லிவர்வொர்ட், பச்சைத் தோலு மாதிரி படர்ந்து கிடக்கு. ஆன்ட்டி அத களைன்னு சுரண்டப் போனாங்க, வேணாம் ஆன்ட்டி, இருக்கட்டும், லேப்ல வெச்சுப் பாக்கணும்னு சொன்னேன். "ரோஜா செத்துரும்மா, நீ தொட்டியோட எடுத்துட்டுப் போ" அப்படின்னுட்டாங்க. இப்போ எங்க வீட்டு பால்கனியில இருக்கு. ரோஜாவுக்கு ரெண்டு மொட்டு விட்டிருக்கு, லிவர்வொர்ட் இன்னும் ஸ்போர் விடல, தினம் காலையில காபியோட போய் எட்டிப் பாக்குறேன்.